கிணற்றடியையும் வெங்காயக் கொட்டிலையும் வீட்டிலிருந்தே பார்க்கும் கமரா

அரியாலையிலே தோட்டம் செய்யும் கமக்காரர் பலருக்கு வீடு ஓரிடத்திலும், கிணறு வேறோரிடத்திலும், வெங்காயம் கட்டித் தூக்கிய கொட்டில் இன்னோரிடத்திலும் அமைந்திருத்தல் வழக்கம். வேலிக்கு வேலி தாண்டி ஒரு நாளைக்குப் பத்து முறை நடப்பவர்களும் உளர். இரவிலே நாய் குரைத்தால் விளக்கை எடுத்துக்கொண்டு போய்ப் பார்க்கவேண்டும். கட்டாக்காலி மாடு கத்தரிப் பாத்தியிலே நுழைந்துவிட்டதோ, நீரிறைக்கும் இயந்திரத்தை எவரேனும் கழற்றுகின்றனரோ என்று மனம் அமைதியின்றியே இருக்கும். இத்தகைய இடங்களை வீட்டுத் திண்ணையிலிருந்தபடியே கைபேசியிற் பார்ப்பதற்கு ஒரு சிறு கமராவைத் தாமே அமைத்துக்கொள்ளும் முறை இங்கே விளக்கப்படுகின்றது.

முதலிலே ஒன்றைத் தெளிவாக அறிந்துகொள்ளல் வேண்டும். இங்கே கூறப்படுவது, படத்தை வெளிநாட்டிலுள்ள கணினிகளுக்கு அனுப்பி அங்கிருந்து திரும்பப் பெறும் கமரா அன்று. படம் உமது வளவுக்குள்ளேயே பிறந்து, உமது வளவுக்குள்ளேயே பார்க்கப்படும். இணையக் கட்டணம் கட்டாத மாதத்திலும் அது வேலை செய்யும். கொழும்பிலோ கனடாவிலோ இருக்கும் மகன் அதைப் பார்க்க முடியாது. அது குறையன்று, வேண்டுமென்றே அவ்வாறு அமைக்கப்படுகின்றது. காரணம் பின்னே கூறப்படும்.

கிணறே முதலாவது

கள்வரைப் பார்ப்பதற்கே கமரா என்று பலர் எண்ணுகின்றனர். எனது எண்ணம் வேறு. அரியாலையைப் போலக் கடனீரேரிக்கு அண்மையிலுள்ள ஊர்களிலே கமராவை முதலில் வைக்கவேண்டிய இடம் கிணற்றடியேயாகும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. மாரி மழையிலே சுண்ணாம்புக் கல்லினூடு இறங்கும் நன்னீர், அடியிலுள்ள உவர்நீரின்மேல் ஒரு வில்லையைப் போல மிதந்து நிற்கின்றது. நன்னீர் உவர்நீரைவிடச் சற்றே பாரம் குறைந்தது. அவ்வேறுபாடு ஒன்றே இரண்டையும் பிரித்து வைத்திருக்கின்றது. கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி உயரத்துக்கு நன்னீர் நிற்குமாயின், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்பது நிலநீர் அறிஞர் கண்ட கணக்கு. இக்கணக்கை மறுபுறமாக நோக்கினால் அதன் கடுமை விளங்கும். நன்னீர் மட்டம் 1 அடி தாழ்ந்தே நின்றுவிடுமாயின், கீழேயுள்ள உவர் காலப்போக்கில் 40 அடி வரையில் மேலெழக்கூடும். கடனீரேரிக் கரையிலே வில்லையின் தடிப்புக் குறைவாதலால் அங்கே பிழை செய்வதற்கு இடமே இல்லை. ஒருமுறை உவர் ஏறிய கிணறு ஒரு மாரியிலே திருந்திவிடும் என்று எதிர்பார்த்தல் கூடாது.

துலா மிதித்து இறைத்த காலத்திலே மனிதனுடைய கால் களைத்தபோது கிணறும் இளைப்பாறிற்று. இயந்திரத்துக்குக் களைப்பு என்பது இல்லை. இயந்திரத்தை முடுக்கிவிட்டுத் தண்ணீர் மாறுபவர் வாய்க்காலின் கடைசியிலே நின்று பாத்தி பாத்தியாகத் திருப்பிக்கொண்டிருக்கையில், கிணற்றின் நீர்மட்டம் எவ்வளவு இறங்கிவிட்டது என்பதை அறிவார் எவருமில்லை. இயந்திரம் காற்றை உறிஞ்சி இரையும்போதுதான் ஓடிவருகின்றோம். அப்பொழுது கிணறு வற்றியே விட்டது. நீரின்றிச் சுழன்றமையால் இயந்திரமும் பழுதடையும்.

இதற்குச் செய்யவேண்டியது எளிது. கிணற்றின் உட்சுவரிலே மேலிருந்து கீழாக அடிக்கு ஒரு கோடாக வெள்ளை நிற எனாமல் பூச்சினாற் கோடிட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே பெரிய இலக்கம் எழுதுக. நீர் ஊறும் வேகத்தை அறிந்து, இதற்குக் கீழே இறைத்தல் கூடாது என்று தீர்மானித்த இடத்திலே ஒரு சிவப்புக் கோடு இடுக. அதற்கு எதிர்ப்பக்கத்துக் கட்டிலே, அல்லது பழைய துலாக்கால் இன்னும் நிற்குமாயின் அதிலேயே, கமராவைக் கட்டிச் சாய்வாகக் கீழ்நோக்கி வைக்க. வீட்டிலிருக்கும் முதியவரோ பிள்ளையோ கைபேசியைப் பார்த்து, சிவப்புக் கோடு தெரியத் தொடங்கியதும் தோட்டத்திலிருப்பவருக்கு ஒரு குரல் கொடுத்தாற் போதும். கிணற்றின் உட்புறம் நண்பகல் தவிர்ந்த நேரங்களில் இருண்டிருக்குமாதலால், கட்டின் உட்புறமாக 12 வோற்றிலே எரியும் சிறிய எல்.ஈ.டி. விளக்கொன்றைத் தொங்கவிடுதல் நன்று. மின்சார சபையின் 230 வோற்று மின்சாரத்தைக் கிணற்றுக் கட்டுக்குக் கொண்டுபோதல் ஆகாது.

வேலை செய்யும் முறை

கேம்பிரிட்ச் பல்கலைக்கழகத்தின் கணினி ஆய்வுகூடத்திலே 1991ஆம் ஆண்டில் நிகழ்ந்ததொன்றை இங்கே கூறலாம். கோப்பிக் குடுவை ஓர் அறையிலே இருந்தது; ஆய்வாளர் பலர் வேறு மாடிகளிலே இருந்தனர். படியேறி வந்து பார்த்தாற் குடுவை வெறுமையாயிருக்கும். இத்தொல்லையைப் போக்கக் குடுவைக்கு எதிரே ஒரு கமராவை வைத்து, நிமிடத்துக்கு மூன்று படம் வீதம் தம் கட்டடத்துக் கணினிகளிலே தெரியும்படி செய்தனர். 128 புள்ளி அகலமும் 128 புள்ளி உயரமும் கொண்ட நிறமற்ற படம் அது. அக்கட்டடத்தாருக்கு மட்டுமே அது தெரிந்தது. 1993இலேதான் உலகம் முழுவதும் பார்க்கும்படி இணையத்துக்கு விடப்பட்டது. 2001 ஓகத்து 22ஆந் தேதி நிறுத்தப்பட்டது. குடுவையிலே கோப்பி உண்டா என்பதும் கிணற்றிலே நீர் உண்டா என்பதும் ஒரே வகையான வினாக்களே. அவ்வளவு மங்கலான படமே அவர்களுக்குப் போதுமாயிருந்தது என்பதையும் கவனிக்க. கடைகளிலே மிகக் கூர்மையான படம் தரும் கமராவை வாங்கும்படி தூண்டுவர். கோடு தெரிகின்றதா, மாடு நிற்கின்றதா என்று பார்ப்பதற்கு 640 புள்ளி அகலமும் 480 புள்ளி உயரமும் தாராளம்.

வீட்டிலே வைபை தரும் பெட்டியை ரவுட்டர் என்பர். அது இரண்டு வேலை செய்கின்றது. ஒன்று, வீட்டை வெளி இணையத்தோடு இணைத்தல். மற்றது, வீட்டுக்குள்ளேயுள்ள கருவிகளை ஒன்றோடொன்று பேசவைத்தல். இரண்டாவது வேலைக்குச் சிம் அட்டையும் வேண்டாம், மாதக் கட்டணமும் வேண்டாம். ஒவ்வொரு கருவிக்கும் அது ஓர் எண்ணை முகவரியாகக் கொடுக்கும். 192.168 என்று தொடங்கும் முகவரி, வீட்டுக்குள்ளே மாத்திரம் செல்லுபடியாவதாகும். ஒழுங்கைக்குள் வழங்கும் வீட்டுப் பட்டப்பெயரைப் போன்றது, தபாற்காரனுக்கு அது உதவாது.

இனி, படத்தை ஏன் வெளியே அனுப்பலாகாது என்பதைப் பார்ப்போம். மேற்கூறிய அளவுள்ள ஒரு படம் 30 கிலோபைற்று என்றும், செக்கனுக்கு 10 படம் என்றும் கொள்வோமாயின், ஒரு மணித்தியாலத்துக்கு 1 கிகாபைற்றுக்குச் சற்று மேலாகும். கைபேசிக்கு வாங்கும் மாதத் தரவு சில இரவுகளிலேயே தீர்ந்துபோம். வளவுக்குள்ளே ஓடும் படத்துக்கு இச்செலவு சிறிதும் இல்லை. இரண்டாவது காரணம் பாதுகாப்பு. 2016ஆம் ஆண்டிலே ‘மிராய்’ என்னும் தீய நிரல், தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல்லை மாற்றாது இணையத்திலே திறந்துவிடப்பட்ட கமராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் இலட்சக்கணக்கிற் கைப்பற்றிற்று. அவ்வருடம் ஒற்றோபர் 21ஆந் தேதி அக்கருவிகளைக் கொண்டே அமெரிக்காவிலே பெரிய இணையத்தளங்கள் பலவற்றை மணிக்கணக்காக எட்டமுடியாதபடி முடக்கினர். அறுபதுக்குச் சற்று மேற்பட்ட பெயர்களையும் கடவுச்சொற்களையும் மாறி மாறிப் போட்டுப் பார்த்ததே அந்நிரல் செய்த சூழ்ச்சி. படலையைத் திறந்துபோட்டுவிட்டு வீட்டைப் பூட்டுவதிற் பயனில்லை.

பழைய கைபேசியைக் கொண்டு சோதித்தல்

காசு செலவழிக்குமுன் வீட்டிலே கிடக்கும் பழைய அன்றொயிட் கைபேசி ஒன்றைக் கொண்டு சோதித்துப் பார்க்க. முகப்புக் கண்ணாடி வெடித்திருந்தாலும் பாதகமில்லை. பின்புறக் கமரா பழுதின்றி இருந்தாற் போதும். அதிலிருந்து சிம் அட்டையை எடுத்துவிடுக. ‘ஐ.பி. வெப்காம்’ என்னும் செயலியை நிறுவி, அமைப்புப் பகுதியிலே படத்தின் அளவை 640க்கு 480 என்று குறைத்து, பயனர் பெயரும் கடவுச்சொல்லும் இடுக. பட்டியலின் அடியிலே உள்ள தொடக்கக் கட்டளையை அழுத்தியதும் படம் தோன்றும், அதன்மேல் 192.168.1.50:8080 என்பதைப் போன்ற ஒரு முகவரி எழுதப்பட்டிருக்கும். நீர் பயன்படுத்தும் கைபேசியை அதே வைபையிலே இணைத்து, இணைய உலாவியில் அம்முகவரியை இட்டாற் படம் வரும்.

இப்பொழுது ரவுட்டரின் சிம் அட்டையை, அல்லது வெளியிலிருந்து வரும் இணைய இணைப்பைக் கழற்றுக. படம் தொடர்ந்து ஓடவேண்டும். நின்றுவிடின், அது உண்மையாக வளவுக்குள்ளே ஓடிய படம் அன்று. எந்தக் கமராவை வாங்கினாலும் விற்பவர் முன்னிலையில் இச்சோதனையைச் செய்து காட்டும்படி கேட்டல் நன்று.

இச்சோதனையிலே பலரை மயக்கும் தடை ஒன்றுண்டு. வைபையிலே இணையம் இல்லையென்று கண்டதும், கைபேசி தானாகவே சிம் அட்டையின் தரவுக்குத் தாவிவிடும். அப்பொழுது 192.168 முகவரி அதற்கு எட்டாது. கமரா பழுது என்று நாம் எண்ணுவோம். பார்க்கும் கைபேசியிலே தரவை நிறுத்திவிட்டு மீண்டும் முயல்க. நானும் ஒருமுறை பழுதில்லாத கமரா ஒன்றை அரை நாளாகக் கழற்றிப் பூட்டியிருக்கின்றேன். அப்படியும் வராவிடின் விருந்தினருக்கென்று ஒதுக்கிய வைபையிலே இணைந்திருக்கின்றீரா என்று பார்க்க. சில ரவுட்டர்கள் அதில் இணைந்த கருவிகளை ஒன்றையொன்று காணவிடா.

கைபேசியோடு கிணற்றடி, கொட்டில், மாட்டுப்பட்டி என்று நடந்து, எவ்விடத்திலே படம் தடைப்படுகின்றது என்பதைக் குறித்துக்கொள்க. வைபை அலைக்கு நீர் பகை. வெட்டவெளியிலே நன்றாகச் செல்லும் அலை, செழித்த வாழைத் தோட்டத்தினூடும் மழையில் நனைந்த கிளுவை வேலியினூடும் செல்லுகையில் நலிந்துபோகும். கோடையிலே சோதித்து மாரியிலே ஏமாறுவோர் உளர். ரவுட்டரை யன்னலோரமாகவும் உயரமாகவும் வைத்தல், 5 கிகாஹேட்சு அலையைவிட்டு 2.4 கிகாஹேட்சு அலையைப் பயன்படுத்தல் ஆகியவற்றால் தூரம் கூடும். அதற்கும் எட்டாத இடத்துக்கு வலையமைப்புக் கம்பியைக் குழாய்க்குள்ளே புதைத்துக் கொண்டுபோகலாம். ஒரு கம்பியின் நீளம் 100 மீற்றரைத் தாண்டலாகாது.

பழைய கைபேசியையே நிரந்தரமாக விட்டுவிடலாமே என்று கேட்பர். விடலாகாது. இரவும் பகலும் மின்னேற்றியிற் கிடக்கும் கைபேசியின் மின்கலம், தகரக் கூரையின் வெப்பமும் சேர, ஊதிப் பெருக்கும். ஊதிய மின்கலம் தீப்பற்றக்கூடியது. வெங்காயச் சருகும் ஓலையும் நிறைந்த கொட்டிலிலே இதைவிடக் கேடானது வேறில்லை. சோதனைக்கும், மாடு கன்றீனும் இரவு போன்ற ஓரிரு நாட் காவலுக்கும் மாத்திரமே அது ஏற்றது.

நிரந்தரமான அமைப்பு

நிரந்தரமாக வைப்பதற்கு ‘ராஸ்பெரி பை’ என்னும் சிறு கணினி பொருத்தமானது. 2012ஆம் ஆண்டிலே பிரித்தானியாவிற் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று வெளியிடப்பட்ட இக்கணினியின் வகைகளுள், 2021 ஒற்றோபரிலே வந்த ‘சீரோ 2 டபிள்யூ’ நமது தேவைக்குப் போதும். வெளிவந்தபோது அதன் விலை 15 அமெரிக்க டொலர். இங்கே கைக்கு வரும்போது கூடியே இருக்கும். அதற்குரிய கமராவும், ஒடுங்கிய முனையுள்ள பட்டைக் கம்பியும், 16 கிகாபைற்று நினைவக அட்டையும், 5 வோற்று மின்வழங்கியும் வேண்டும். இருளிலும் பார்க்க விரும்புவோர், அகச்சிவப்பு வடிகட்டி நீக்கப்பட்ட கமராவை வாங்கி, அகச்சிவப்பு விளக்கொன்றையும் சேர்த்துக்கொள்க. அவ்வகைக் கமரா பகலிலே இலைகளின் நிறத்தை மாற்றிக் காட்டும். அதைக் கண்டு பயிருக்கு நோய் என்று மருந்து தெளித்துவிடலாகாது.

நினைவக அட்டையிலே கணினியின் அடிப்படை நிரலைப் பதிக்கும்போதே, உமது வைபையின் பெயரையும் கடவுச்சொல்லையும், இக்கணினிக்கென நீர் தெரிந்த பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்கும். எளிய கடவுச்சொல்லை இடாதீர். பின்னர் ‘மீடியா எம்.டி.எக்ஸ்’ என்னும் இலவச நிரலை நிறுவுக. அதன் அமைப்புக் கோப்பிலே கமராவுக்கு ஒரு பெயரிட்டு, படம் இக்கணினியின் கமராவிலிருந்தே வருவது என்று ஒரு வரி சேர்த்தல் வேண்டும். பார்ப்பதற்குப் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும்படி அதே கோப்பிலே ஒழுங்கு செய்யலாம். கணினி மின்சாரம் பெற்று எழும்போதெல்லாம் இந்நிரலும் தானாக எழும்படி செய்துகொள்க. இக்கட்டளைகள் ஆங்கில எழுத்திலே, ஒரு புள்ளியும் இடைவெளியும் தவறாது எழுதவேண்டியவை. உயர்தர வகுப்பிலே தகவல் தொழினுட்பம் பயிலும் பிள்ளை ஒன்று ஒழுங்கையிலே நிச்சயம் இருக்கும். அப்பிள்ளையை அழைத்துச் செய்விக்க. இது முடிந்தபின் கைபேசி உலாவியிலே கணினியின் முகவரி, முற்றுப்புள்ளி இரண்டு, 8889, சாய்கோடு, கமராவுக்கு இட்ட பெயர் என்று எழுதினாற் படம் வரும்.

ரவுட்டர் மின்வெட்டுக்குப் பின் எழும்போது கருவிகளுக்குப் புதிய முகவரி கொடுத்துவிடுதல் உண்டு. ஆதலால் ரவுட்டரின் அமைப்பிலே இக்கணினிக்கு ஒரே முகவரியை ஒதுக்கி வைக்க. அங்கேயே, வெளியிலிருந்து உள்ளே வழி திறக்கும் ஏற்பாடு எதுவும் இல்லாதிருப்பதையும், கருவிகள் தாமாகவே வழி திறந்துகொள்ளும் ‘யூ.பி.என்.பி.’ என்னும் வசதி நிறுத்தப்பட்டிருப்பதையும் உறுதிசெய்க.

மின்செலவைப் பற்றி அஞ்சவேண்டியதில்லை. 3 உவாற்று என்று கொண்டாலும் மாதத்துக்கு ஏறக்குறைய 2 அலகே செல்லும். மின்வெட்டை எண்ணியே ஏற்பாடு செய்தல் வேண்டும். 2022 பங்குனி இறுதியிலே நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரையில் மின்சாரமின்றி இருந்ததை எவரும் மறந்திரார். ரவுட்டருக்கு 6 உவாற்றும் கமராவுக்கு 3 உவாற்றும் ஆயின், 12 வோற்று 7 அம்பியர் மணி மின்கலம் ஒன்று, பாதியளவு மாத்திரம் பயன்படுத்தினால், நான்கு மணித்தியாலத்துக்கு மேல் தாங்கும்.

வைக்கும் இடமும் பராமரிப்பும்

கமராவைக் கிழக்கு மேற்காக நோக்கவைத்தால் காலையும் மாலையும் சூரியன் நேரே விழுந்து படம் வெளிறும். வடக்கு நோக்கி வைத்தல் பெரும்பாலும் நன்று. நல்ல மூடியுள்ள பிளாத்திக்குப் பெட்டிக்குள்ளே கணினியை வைத்து, கம்பி நுழையும் துளையைப் பெட்டியின் அடிப்புறத்திலே இடுக. மேற்புறத் துளையாயின் மழைநீர் கம்பியைப் பிடித்துக்கொண்டே உள்ளே இறங்கும். கடனீரேரிக் காற்றிலுள்ள உப்பு செப்பு முனைகளைப் பச்சையாக்கிவிடும். ஆதலால் மாதம் ஒருமுறை திறந்து துடைக்க. எறும்பும் பல்லியும் வெப்பத்தை நாடிப் பெட்டிக்குள்ளே புகும். சிலந்தி வில்லையின் முன்னே வலை கட்டும். இரவிலே அகச்சிவப்பு ஒளி அவ்வலையிற் பட்டுத் தெறித்துப் படம் முழுவதும் வெண்மையாகும். வாரத்துக்கொரு முறை மெல்லிய துணியாலே துடைத்தல் போதும்.

அயலாரைப் பற்றியும் ஒரு வார்த்தை. அரியாலையிலே கிணறு குளிக்குமிடமுமாகும். உமது கமராவின் பார்வைக்குள்ளே அயல் வளவுக் கிணறோ, மறைப்பில்லாத குளிக்குமிடமோ சிறிதேனும் விழுமாயின், கமராவைத் திருப்புக. திருப்ப இயலாவிடின் வில்லையின் அப்பகுதியைக் கறுப்புப் பட்டியால் ஒட்டி மறைக்க. பங்குக் கிணறாயின், பங்காளர் அனைவரிடமும் கேட்டு, படத்தை அவர்களுக்கும் காட்டி, அவர்கள் ஒப்பினால் மாத்திரமே வைக்க. ஒருவர் மறுத்தாலும் வைத்தல் ஆகாது. தண்ணீர் முறைக்காக ஏற்படும் பிணக்குகளே போதும். கமராவால் வேறொன்று வேண்டியதில்லை. வீட்டார் குளிக்கும் வேளையில் மூடிவிடுவதற்கு ஒரு சிரட்டையைக் கயிற்றிலே கட்டி அருகே தொங்கவிடுதல் நல்லது.

இவ்வமைப்பு எதையும் பதிந்து வைப்பதில்லை. பார்க்கும்போது மாத்திரமே காட்டும். எவரும் பாராதபோது இயந்திரம் களவுபோனால் அதற்குச் சான்றும் இராது. ஆகையால் இயந்திரத்தைச் சங்கிலியிட்டுப் பூட்டும் வழக்கத்தை விட்டுவிடாதீர்.

சித்திரையிலும், மாரி தொடங்கும் ஐப்பசி கார்த்திகையிலும் பிற்பகல் இடி மிகுதி. முழக்கம் கேட்கத் தொடங்குமுன்னரே கணினியை முறைப்படி நிறுத்தி, மின்வழங்கியைக் கழற்றிவிடுக. வளவுக்குள்ளே கம்பி இழுத்திருப்பின் அதன் முனையை ரவுட்டரிலிருந்தும் கழற்றுக. நிறுத்தாமல் திடீரெனக் கழற்றினால் நினைவக அட்டை பழுதாதல் உண்டு. அதற்காக, அமைத்து முடித்த நாளிலேயே அட்டையின் படி ஒன்றை வேறோர் அட்டையிற் பதித்து, ஒரு சிறு போத்தலிலே அரிசியோடு இட்டு, வீட்டினுள்ளே வைத்துக்கொள்க.